சிவப்பு மை காணாதவை: ஆங்கில எழுத்துத்திறன் கற்பித்தலுக்கான ஆசிரியர் பயிற்சி பற்றிய ஒரு விமரிசனம் – ஊத்தங்கரை வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டில் ஆங்கில ஆசிரியர்க்கு அளிக்கப்படும் பயிற்சி, எழுத்தின் வடிவங்களைப் பற்றிப் பேசுகிறது; மாணவர் எழுதியதை எவ்வாறு படிப்பது என்பதைப் பற்றிப் பேசுவதில்லை. 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் நடைபெற்ற பெருந்திரள் மறுபயிற்சி முதல் இன்றைய குறுவள மையக் கூட்டம் வரை தொடரும் இக்குறையை இக்கட்டுரை ஆராய்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டாரத்தின் மொழிச்சூழலும் தொழிற்சூழலும் களமாகக் கொள்ளப்படுகின்றன. நன்னூலின் பொதுப்பாயிரம் கூறும் கற்றல் முறையும் நூற்குற்றங்களும், விவியன் ஜாமெல், என். எஸ். பிரபு ஆகியோரின் கருத்துகளும் விமரிசன அளவுகோல்களாகப் பயன்படுத்தப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: எழுத்துத்திறன், ஆசிரியர் கல்வி, நன்னூல், பிழைதிருத்தம், அடுக்குமுறைப் பயிற்சி, ஊத்தங்கரை.

முன்னுரை

தமிழில் ‘எழுத்து’ என்னும் சொல் அகரம் முதலிய குறியையும் குறிக்கும். ஒருவர் ஆக்கிய உரையையும் குறிக்கும். ‘எழுதுதல்’ என்பதும் அவ்வாறே, பார்த்தெழுதுதல், சொல்வதெழுதுதல், தானே எண்ணி எழுதுதல் ஆகிய மூன்றையும் ஒருங்கே சுட்டும். இலக்கியத்தில் இப்பல்பொருண்மை வளமாகும். ஆசிரியர் பயிற்சியில் அது குழப்பத்திற்கு இடமளிக்கிறது. ‘எழுத்துத்திறன் பயிற்சி’ என்ற பெயரில் நடைபெறும் அமர்வொன்று நான்கு கோட்டு ஏட்டில் எழுத்துகளின் உயரத்தைப் பற்றியதாக இருக்கலாம். கடிதத்தின் அமைப்பைப் பற்றியதாக இருக்கலாம். மாணவர் தம் கருத்தை ஆங்கிலத்தில் ஆக்கிக்கொள்வதைப் பற்றியதாகவும் இருக்கலாம். முதலிரண்டும் மிகுதி. மூன்றாவது அரிது. இக்கட்டுரை அம்மூன்றாவதைப் பற்றியது.

ஊத்தங்கரையைக் களமாகக் கொண்டதற்குக் காரணங்கள் உள. புதுச்சேரி–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் அமைந்த இவ்வூர், 2004இல் தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தென்கிழக்கு வட்டத்தின் தலைமையிடம். சிங்காரப்பேட்டை, கல்லாவி, சாமல்பட்டி முதலிய ஊர்களின் பிள்ளைகள் பள்ளிப்படிப்பு முடித்ததும் அவர்களுள் பலரை ஈர்ப்பவை பர்கூர், சூளகிரி, ஓசூர்த் தொழிற்பேட்டைகளும் பெங்களூருமே. மறுபுறம், இது தேர்வு வெற்றியால் பெயர்பெற்ற ஊரும் ஆகும். 2014இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் மாநில முதலிடம் ஊத்தங்கரைத் தனியார் பள்ளியொன்றுக்குக் கிடைத்தது. 2017இல் தரவரிசை வெளியிடும் வழக்கத்தை அரசு கைவிட்டது. ஆயின் அவ்வழக்கம் உருவாக்கிய கற்பித்தல் முறை கைவிடப்படவில்லை. ஆங்கிலத்தில் எண்பது, தொண்ணூறு மதிப்பெண் பெற்றுக் கல்லூரிக்கு வரும் மாணவர், தாம் பார்த்த ஒன்றைப் பற்றித் தாமே பத்து வரி எழுத இயலாது தயங்குவதை முதலாண்டு வகுப்பெடுக்கும் விரிவுரையாளர் அனைவரும் அறிவர். இம்முரணுக்கு மாணவரின் ஆர்வமின்மையும் கைப்பேசியும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. அக்காரணங்களை இக்கட்டுரை ஏற்கவில்லை. ஆசிரியர் எவ்வாறு பயிற்றப்பட்டார் என்பதே இங்குக் கேட்கப்படும் வினா.

பனிப்பந்தும் கடைமடையும்

இன்றைய பயிற்சியமைப்பின் வேர் அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்டது. 1950களின் இறுதியில் அன்றைய சென்னை மாநிலத்தில் தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களைப் புதிய முறையில் மறுபயிற்சிக்கு உட்படுத்தும் பேரியக்கம் ஒன்று தொடங்கப்பட்டது. அதனைப் பற்றி டி. ஏ. ஸ்மித் 1962இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இலக்கு எண்ணிக்கை உள்ளது: 27,000 ஆசிரியர்கள். அத்தலைப்பு இவ்வியக்கத்திற்குச் சூட்டும் பெயர் ‘மெட்ராஸ் பனிப்பந்து’. சிலருக்குப் பயிற்சியளித்து, அவர்கள் பலருக்கு அளித்து, அப்பலர் மேலும் பலருக்கு அளிப்பது அதன் வழிமுறை. ஊத்தங்கரை அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. தருமபுரி மாவட்டமே 1965இல்தான் உருவாயிற்று.

பனியையே காணாத நாட்டில் இப்பெயர் நிலைத்தது வியப்புக்குரியது. உவமையும் பொருந்தவில்லை. பனிப்பந்து உருளுந்தோறும் பெருக்கும். அடுக்குமுறைப் பயிற்சியோ படி இறங்குந்தோறும் மெலியும். பாம்பாறு அணையின் பாசனத்தைக் கண்ட ஊத்தங்கரையார்க்கு இதற்கு ஏற்ற சொல் வேறு உண்டு: கடைமடை. தலைமடையில் திறந்த நீர் கடைமடைக்கு எட்டும்போது எஞ்சுவது எவ்வளவு என்பதை உழவர் அறிவர்.

எனினும் அவ்வியக்கத்தைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது. அது பரப்ப முனைந்தது ‘அமைப்பு முறை’. வாக்கிய அமைப்புகளைத் தரப்படுத்தி, வாய்மொழியாகத் திரும்பத் திரும்பப் பயிற்றுவதே அம்முறை. அத்தகைய பயிற்சி அடுக்குமுறைக்கு இயைந்ததே. வாக்கியச் சட்டத்தையும் படவிளக்க அட்டையையும் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றலாம். இடர் எழுவது அதே குழாயின் வழியே எழுத்துத்திறனையும் அனுப்ப முயலும்போதுதான். மாணவர் எழுதிய ஒரு பத்தியை எடுத்து, ‘இவர் என்ன சொல்ல முயல்கிறார்?’ என்று கேட்கும் பழக்கத்தைப் பொதியாகக் கட்டிக் கீழ்ப்படிக்கு அனுப்ப இயலாது. ஒவ்வொரு பத்தியும் புதியது. ஒவ்வொரு முறையும் படிப்பவர் தாமே தீர்மானிக்க வேண்டியது.

இவ்விடத்தில் நன்னூலார் துணைக்கு வருகிறார். பொதுப்பாயிரத்தில் பாடங்கேட்டலைப் பற்றிக் கூறும்போது அவர் ஒரு கணக்கைத் தருகிறார். ஆசிரியர் உரைப்பதை முழுமையாகக் கேட்டுக்கொண்டாலும் மாணாக்கர்க்குக் கிடைப்பது புலமையின் காற்பகுதி. உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால். பிறர்க்குத் தாம் விரித்துரைப்பதால் எஞ்சிய அரை. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த இக்கணக்கை இன்றைய பயிற்சிக் கூட்டத்தின்மேல் வைத்துப் பார்த்தால் விளைவு தெளிவாகிறது. கருத்தாளர் உரைக்கிறார், காணொளி காட்டப்படுகிறது, படிவம் நிரப்பப்படுகிறது. எல்லாம் முதற்காலுக்குள் அடங்கிவிடுகின்றன. உடன் பணியாற்றுவாரோடு ஒரே விடைத்தாளை வைத்துக்கொண்டு கருத்து வேறுபடும் வாய்ப்பு இரண்டாங்காலுக்கு உரியது. அது நிகழ்ச்சிநிரலில் இல்லை.

பனிப்பந்துக்கு இருபதாண்டுகள் கழித்து மாற்று முயற்சியொன்று இதே நிலப்பகுதியில் தோன்றியது. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு வழிநடத்திய பெங்களூர்–மெட்ராஸ் திட்டம் உலகளாவிய மொழிக்கல்வி நூல்களில் இன்றும் பேசப்படுவது. தொடர்வண்டிக் கால அட்டவணையையோ நிலப்படத்தையோ கொடுத்து, ஒரு சிக்கலைத் தீர்க்கச் செய்து, அதன் போக்கில் மொழி வளர்வதை அது எதிர்நோக்கியது. பிழையை அவ்வப்போது தேவைக்கேற்பத் திருத்துவதற்கும் திட்டமிட்டு முறையாகத் திருத்துவதற்கும் இடையே பிரபு வேறுபாடு காட்டினார், முன்னதையே ஏற்றார். 1990இல் அவர் எழுதிய கட்டுரை இன்னும் ஆழமானது. சிறந்த முறை என்று ஒன்று இல்லை. கற்பித்தல் எவ்வாறு கற்றலை விளைவிக்கிறது என்பது குறித்து ஆசிரியர் உள்ளத்தில் உயிரோடிருக்கும் நம்பத்தகு உணர்வே முதன்மையானது என்பது அதன் சாரம். பெங்களூருக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட ஊத்தங்கரையில் பணியாற்றும் ஆசிரியர், இத்திட்டத்தைத் தம் கல்வியியல் பாடநூலில் ஐந்து மதிப்பெண் வினாவிற்கான விடையாகப் படித்திருக்கக்கூடும். நம்பத்தகு உணர்வைப் பற்றிய கருத்தே மனப்பாடப் பகுதியாக மாறிப்போவது நம் ஆசிரியர் கல்வியின் தனித்திறன் போலும்.

பதிவேட்டில் உள்ளவையும் இல்லாதவையும்

2008இல் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளை அடுத்துக் கல்வியியல் பட்டப்படிப்பு ஈராண்டாக நீண்டது. பள்ளிசார் பயிற்சி மொத்தம் இருபது வாரமாயிற்று. அதில் பதினாறு வாரம் இரண்டாமாண்டில் அமைகிறது. கால அளவில் இது பெரிய வளர்ச்சி. அக்காலத்தில் மாணவ ஆசிரியர் உருவாக்கும் பதிவேடுகள் பல: நுண்ணிலைக் கற்பித்தல், பாடக்குறிப்பு, வகுப்பறை உற்றுநோக்கல், அடைவுத்தேர்வும் அதன் புள்ளியியலும். அடைவுத்தேர்வுப் பதிவேட்டில் சராசரி, திட்டவிலக்கம், வரைபடம் எல்லாம் அழகுற அமைகின்றன. ஆனால் அத்தேர்வை எழுதிய மாணவர் ஒருவரின் ஒரு பத்தி, அதற்கு மாணவ ஆசிரியர் எழுதிய மறுமொழி, அம்மறுமொழியைக் கண்டபின் மாணவர் திருத்தியெழுதிய பத்தி ஆகிய மூன்றையும் ஒருசேரக் கோரும் பதிவேடு ஒன்றை இக்கட்டுரையாளர் கண்டதில்லை.

ஆங்கிலக் கற்பித்தல் பாடநூல்கள் எழுத்துப் பயிற்சியைக் கட்டுப்படுத்தப்பட்டது, வழிநடத்தப்பட்டது, கட்டற்றது என மூவகைப்படுத்துகின்றன. வகைப்பாட்டில் பிழையில்லை. அது மாணவர்க்கு என்ன கொடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்த வகைப்பாடு. மாணவர் கொடுத்ததை ஆசிரியர் என்ன செய்வார் என்பதற்கு அதில் இடமில்லை.

பணித்தேர்விலும் இதே நிலை. ஆசிரியர் தகுதித் தேர்வு 2012இல் தமிழ்நாட்டில் முதன்முறையாக நடத்தப்பட்டது. 150 வினாக்களும் கொள்குறி வகையே. பட்டதாரி ஆசிரியர், முதுகலை ஆசிரியர் நியமனத் தேர்வுகளின் முதன்மைத்தாளும் அவ்வகையினதே. பல்லாயிரவர் எழுதும் தேர்வில் விரைவும் நடுநிலையும் வேண்டும் என்ற நியாயம் உண்டு. ஆயினும் விளைவைச் சொல்லாமல் விடுவதற்கில்லை: எழுதக் கற்பிக்கப் போகும் ஒருவர் எழுதிய ஒரு பத்தியையேனும் எவரும் படித்துப் பாராமலே அவர் அப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்.

ஜேனட் எமிக் 1971இல் வெளியிட்ட ஆய்வு எட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களை மட்டுமே கொண்டது. எழுதிக்கொண்டே தம் எண்ணத்தை உரக்கச் சொல்லுமாறு அவர்களை அவர் வேண்டினார். எழுத்து நேர்க்கோட்டில் செல்வதன்று, முன்னும் பின்னும் அலைவது என்பது அதனால் புலனாயிற்று. பள்ளியில் எழுதக் கற்பிக்கும் ஆசிரியர் தாம் எழுதுவதில்லை என்னும் குறையையும் அந்நூல் சுட்டியது. 1974இல் கலிபோர்னியாவில் ஜேம்ஸ் கிரே தொடங்கிய வளைகுடாப் பகுதி எழுத்துத் திட்டம் அக்குறையையே தொடக்கப்புள்ளியாக்கியது. அதன் கோடைக்காலப் பயிலரங்கில் ஆசிரியர்கள் தாமே எழுதினர். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தனர். ஆசிரியர்க்கு ஆசிரியரே பயிற்றுநர் ஆயினர். அமெரிக்கச் சூழலின் செல்வமும் சிறுவகுப்புகளும் நமக்கில்லை. ஆனால் ஆசிரியர் ஒரு பக்கம் எழுதுவதற்குச் செல்வம் எதற்கு?

நன்னூலின் பத்தும் சிவப்பு மையின் ஒன்றும்

விவாதத்தைத் தெளிவாக்க ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரி மாவட்டம் மாம்பழத்திற்கும் மாங்கூழ் ஆலைகளுக்கும் பெயர்பெற்றது. விளைச்சல் மிகுந்த ஆண்டில் விலை வீழ்வது இங்கு யாவரும் அறிந்த துயரம். இதனைப் பற்றி ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆங்கிலத்தில் பின்வருமாறு எழுதுவதாகக் கொள்வோம்: “அவர் வில்லேஜ் மேங்கோ வில்லேஜ். திஸ் இயர் மேங்கோ மெனி கம். ரேட் லோ. மை ஃபாதர் சே மேங்கோ நோ செல் நாட் பிளக். ட்ரீ அண்டர் ஆல் ஃபாலிங்.” இது கட்டுரையாளர் ஆக்கிய மாதிரியே, ஆயின் இத்தகைய நடையை வகுப்பறையில் கண்டிராத ஆங்கில ஆசிரியர் இரார்.

இதன் அருகே மற்றொரு பத்தியை வைக்க வேண்டும். மெல்லக் கற்போர்க்கெனச் சுற்றில் விடப்படும் பயிற்சித்தாள்களில் ‘பொதுப் பத்தி’ என்று ஒன்று உண்டு. எந்தக் கவிதை கேட்கப்பட்டாலும், எந்த உரைநடை கேட்கப்பட்டாலும், தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் மாற்றி எழுதிவிடலாம். இது மிக நல்ல படைப்பு, இதன் கருத்து உயர்ந்தது, நடை எளியது, அனைவரும் படிக்க வேண்டியது என்னும் போக்கில் அது அமையும். இலக்கணப் பிழை இராது. மனப்பாடம் செய்தது ஆதலின் எழுத்துப்பிழையும் குறைவு.

சிவப்பு மை இவ்விரண்டையும் எவ்வாறு படிக்கும்? முதலாவதில் வரிக்கு வரி வட்டமிடும். வினையில்லை, சார்படை இல்லை, காலம் தவறு, சொல்வரிசை தவறு. இரண்டாவதில் ஒரு குறியிட்டு மதிப்பெண் வழங்கும். மாணவிக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் ஒன்றே: சொல்ல ஏதேனும் இருந்தால் ஆங்கிலத்தில் அதைச் சொல்லாதே.

இனி நன்னூலின் நூற்குற்றம் பத்தினைக் கொண்டு இவற்றைப் படித்துப் பார்ப்போம். அப்பத்தில் சொல்வழு ஒன்று மட்டுமே மொழிப்பிழையைச் சார்ந்தது. ஏனைய ஒன்பதும் கருத்தின் அளவையும், ஒழுங்கையும், தெளிவையும், பயனையும் பற்றியவை. தொல்காப்பிய மரபியலில் வரும் சிதைவுகளின் பட்டியலோ கேட்போர்க்கு இன்னாததாக யாத்தலையும் ஒரு சிதைவாக எண்ணுகிறது. படிப்பவரை எழுதுபவர் கருத்தில் கொள்ள வேண்டும் என்பது அன்றே வகுக்கப்பட்டுவிட்டது. இவ்வளவையில் மாணவியின் பத்தி சொல்வழு மிக்கது, ஐயமில்லை. ஆனால் அதில் மிகைபடக் கூறல் இல்லை. கூறியது கூறல் இல்லை. காரணத்திலிருந்து விளைவுக்குச் செல்லும் ஒழுங்கு உண்டு: விளைச்சல், விலை, தந்தையின் முடிவு, மரத்தடியில் வீழ்ந்து கிடக்கும் காய். கடைசி வரியில் ஒரு காட்சியே உள்ளது. அதன் உண்மையான குறை குன்றக் கூறல். விற்காவிடினும் பறிக்கலாமே, ஏன் பறிக்கவில்லை என்று வெளியூரார் கேட்பர். பறிகூலியும் வண்டிவாடகையும் விலையை விஞ்சிவிடும் என்பது அம்மாணவிக்குத் தெரியும். படிப்பவர்க்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியாது. ‘ஏன் பறிக்கவில்லை?’ என்று ஏட்டின் ஓரத்தில் ஆசிரியர் எழுதும் இரண்டு சொற்கள் அடுத்த மூன்று வாக்கியங்களைப் பெற்றுத் தரும்.

பொதுப் பத்தியோ சொல்வழு நீங்கலாக ஏறக்குறைய எல்லாக் குற்றத்தையும் உடையது. வெற்றெனத் தொடுத்தலுக்கு அதனினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

விவியன் ஜாமெல் 1985இல், இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்போரின் எழுத்துக்கு ஆசிரியர் தரும் மறுமொழிகளை ஆராய்ந்தபோது கண்டதும் இதுவே. ஆசிரியர்கள் தம்மை மொழி ஆசிரியராகவே கருதி, எழுத்தை முடிந்த பொருளாகக் கொண்டு, தெளிவற்றனவும் ஒன்றுக்கொன்று முரண்பட்டனவுமான குறிப்புகளை எழுதினர். நன்னூலின் வகைப்பாட்டைக் கையில் கொண்ட ஆசிரியர் அவ்வாறு தடுமாற வேண்டியதில்லை. ‘நன்றாக எழுது’ என்பதற்கு மாறாக, இங்கே குறைவாகச் சொன்னாய், இங்கே வேறொன்றுக்குத் தாவினாய், இங்கே தொடங்கியது தேய்ந்து போயிற்று என்று சுட்டலாம். இச்சொற்கள் தமிழாசிரியர் அனைவருக்கும் மனப்பாடம். பக்கத்து அறையில் கற்பிக்கும் ஆங்கில ஆசிரியர்க்கு அவை தம் பாடத்துக்கு உரியவையாகத் தோன்றுவதில்லை. இரு துறையும் ஒரே ஆசிரியர் அறையில் அமர்ந்தும் ஒரே மாணவியின் இரு ஏடுகளை ஒருங்கே பார்த்ததில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பவணந்தி வகுத்தது புலமை நூல்களுக்கான அளவுகோல். பள்ளி மாணவியின் பத்திக்கானது அன்று. அது முடிந்த நூலைப் பற்றிப் பேசுகிறதேயன்றி, ஆகிக்கொண்டிருக்கும் எழுத்தைப் பற்றிப் பேசவில்லை. பத்துக் குற்றத்தையும் பட்டியலாக ஒட்டி மதிப்பெண் குறைக்கத் தொடங்கினால், சிவப்பு மைக்குப் பத்துக் கண் முளைத்ததாகவே முடியும். ஆகவே குற்றங்களோடு அவர் கூறும் பத்து அழகுகளையும் சேர்த்தே கொள்ளல் வேண்டும். விளக்கமான எடுத்துக்காட்டு உடைமை அவற்றுள் ஒன்று. மரத்தடியில் வீழ்ந்த காய் அதற்குரியது. மாணாக்கரைப் பற்றிய அவரது உவமைகளில் கிளி இடைநிலையில்தான் வைக்கப்பட்டுள்ளது என்பதும் நினைவுகொள்ளத் தக்கது. சொன்னதைச் சொல்லும் கிளியைத் தலைமாணாக்கராக ஏற்றிவைத்தது நம் தேர்வுமுறையே.

எந்தத் தாய்மொழி?

தமிழைத் துணைக்கொண்டு ஆங்கில எழுத்தைக் கற்பிக்கலாம் என்று கூறியவுடன் இவ்வெல்லை மாவட்டத்தில் எழும் வினா, எவர் தமிழ் என்பது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தெலுங்கு, கன்னடம், உருது பேசும் குடும்பங்கள் பல. தொழிற்பேட்டைகளை நாடி வடமாநிலங்களிலிருந்து வந்தோரின் பிள்ளைகளும் அரசுப் பள்ளிகளில் அமர்ந்துள்ளனர். அவர்களுக்குத் தமிழே கற்கும் மொழி; ஆங்கிலம் அதற்கும் அப்பாற்பட்டது.

மேற்கண்ட மாதிரிக்கே திரும்புவோம். ‘ட்ரீ அண்டர்’ என்பது ‘மரத்தடியில்’ என்பதன் வரிசை. தெலுங்கிலும் கன்னடத்திலும் உருதுவிலும் இந்தியிலும் இடத்தைக் குறிக்கும் சொல் பெயருக்குப் பின்னரே வரும். ஆகவே இத்தவறு எல்லா மாணவரிடமும் தோன்றக்கூடும்; ஒரு வகுப்பு முழுமைக்கும் ஒரே பாடம் போதும். தந்தை கூறியதைச் சொல்லும் வாக்கியமோ வேறுவகை. தமிழின் ‘என்று’, தெலுங்கின் ‘அனி’, கன்னடத்தின் ‘எந்து’ ஆகியன ‘சொல்’ என்னும் பொருளுடைய வினையிலிருந்து தோன்றி, கூற்றுக்குப் பின் நிற்பவை. உருதுவின் ‘கி’ ஆங்கிலத்தின் ‘தட்’ போலக் கூற்றுக்கு முன் நிற்பது. உருது பேசும் மாணவர்க்கு எளிதாக வரும் அமைப்பு, தமிழும் தெலுங்கும் பேசும் மாணவர்க்குத் தடையாகலாம். இவ்வேறுபாட்டை அறிந்த ஆசிரியர் பிழையை ஒழுக்கக்கேடாகக் காண மாட்டார். ஒரு மொழியின் ஒழுங்கு மற்றொன்றில் ஊடுருவியதாகக் காண்பார். மொழியியல் துறைகள் நெடுங்காலமாகச் செய்துவரும் ஒப்பாய்வு, கல்வியியல் கல்லூரியின் வாயிலைத் தாண்டாதது வருத்தத்திற்குரியது.

இதனை இராபர்ட் காப்லன் 1966இல் செய்ததுபோல், இன்ன மொழியினர் இன்ன வடிவில் சிந்திப்பர் என்னும் படமாக வரைந்துவிடக் கூடாது. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, 1999இல் வெளியான தம் நூலில், மாணவர் பாடநூலின் ஓரங்களில் எழுதியவற்றையும் வரைந்தவற்றையும் சான்றாகக் கொண்டார். வினாவிற்கு விடையாக எழுதாத இடத்தில்தான் அவர்கள் தம் எண்ணத்தை எழுதியிருந்தனர். ஊத்தங்கரை மாணவர்க்கும் அத்தகைய எழுத்துலகம் உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்தின் முன் மனு எழுதித் தருவோரைச் சூழ்ந்து நிற்கும் பெற்றோரோடு பிள்ளைகளும் நிற்கின்றனர். அனுப்புநர், பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா என்னும் அமைப்பை அவர்கள் கண்டிருக்கின்றனர், தமிழ்த்தேர்விலும் எழுதியிருக்கின்றனர். ஆங்கில வகுப்பு அதே அமைப்பை ‘ஃப்ரம்’, ‘டு’ என்று மீண்டும் பல மணி நேரம் கற்பிக்கிறது. முகவரியை எப்பக்கத்தில் எழுதுவது என்பதற்குச் செல்லும் நேரம், மனுவின் உள்ளே வேண்டுகோளை எந்தச் சான்றால் தாங்குவது என்பதற்குச் செல்வதில்லை. மனு எழுதுபவர், வந்தவரிடம் முதலில் கேட்பது நடந்தது என்ன, எப்போது, எந்த அலுவலர்க்கு என்பதையே. எழுத்துப் பயிற்சியின் முதற்பாடத்தை அவர் சாலையோரத்தில் நடத்திக்கொண்டிருக்கிறார்.

பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது

2022 சூன் மாதம் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், தொடக்க வகுப்பு மாணவரை அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளில் வைத்துக் கற்பிக்கிறது. தமிழ், ஆங்கிலம், கணிதம் மூன்றுக்கும் பயிற்சிநூல்களும் ஆசிரியர் கையேடுகளும் வழங்கப்பட்டன. எல்லா மாணவரும் ஒரே நிலையில் இல்லை என்பதைப் பயிற்சியே ஏற்றுக்கொண்டது பாராட்டத்தக்கது. அவ்வொப்புதல் உயர்நிலை வகுப்பின் எழுத்துப் பயிற்சிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஆசிரியர் கூறும் மறுப்பு நியாயமானது. நாற்பது பேர் வகுப்பு. வாரத்திற்கு இருபதுக்கும் மேற்பட்ட பாடவேளைகள். இணையத்தில் பதிவேற்ற வேண்டிய விவரங்கள். அனைவரின் பத்தியையும் கருத்தூன்றிப் படிக்க இயலாது. இக்கட்டுரை அதனைக் கோரவில்லை. ஒரு பயிற்சிக் கூட்டத்தில் மூன்று மாணவரின் பத்திகளை, பெயரை நீக்கி, அங்குள்ள ஆசிரியர் அனைவரும் படித்து மறுமொழி எழுதி, அம்மறுமொழிகளை ஒப்பிட்டால் போதும். ஒருவர் வட்டமிட்ட இடத்தை மற்றொருவர் பாராட்டியிருப்பார். அவ்வேறுபாட்டைப் பேசித் தீர்க்கும் ஒரு மணி நேரம், நன்னூலாரின் இரண்டாங்கால். அதற்குமுன் அதே தலைப்பில் ஆசிரியர் ஒவ்வொருவரும் பத்து வரி ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். இதற்கே எதிர்ப்பு மிகுதியாக இருக்கும். தம் ஆங்கிலம் பிறரால் படிக்கப்படுவதை ஆசிரியர் அஞ்சுவது இயல்பு. மாணவி ஒவ்வொரு வாரமும் அதே அச்சத்தோடுதான் ஏட்டை நீட்டுகிறாள்.

கல்வியியல் பட்டப்படிப்பில் மாற்றம் இன்னும் எளிது. பதினாறு வாரப் பள்ளிப் பயிற்சியில், திட்டவிலக்கம் காணும் பதிவேட்டின் இடத்தில், ஒரே மாணவர் ஒரே பொருளில் எழுதிய மூன்று வரைவுகளையும் அவற்றுக்கிடையே மாணவ ஆசிரியர் எழுதிய மறுமொழிகளையும் வைக்கலாம். புற மதிப்பீட்டாளர் அவற்றைப் படித்தால் அவருக்கும் அது பயிற்சியாகும்.

விடைக்குறிப்பு மாறாதவரை இவையெல்லாம் வீண் என்பார் உண்டு. பத்தாம் வகுப்பு ஆங்கிலம் 2019–20 முதல் ஒரே தாளாயிற்று. படத்தைக் கண்டு ஐந்து வாக்கியம் எழுதுதல், விளம்பரம் ஆக்குதல் போன்ற வினாக்கள் அதில் உள்ளன. வினாத்தாளில் மாணவரின் சொந்த எழுத்துக்கு இடம் உண்டு என்பதற்கு இவையே சான்று. அவ்விடத்தைப் பொதுப் பத்தி நிரப்பும்போது முழு மதிப்பெண் வழங்குவது திருத்துபவரின் வழக்கம். ஆகவே திருத்தும் இடத்தையே பயிற்சியின் இடமாகக் கொள்ளலாம். ஆண்டுதோறும் பொதுத்தேர்வு முடிந்ததும் மாவட்டம் முழுவதிலுமிருந்து ஆங்கில ஆசிரியர் விடைத்தாள் திருத்தும் மையத்தில் கூடுகின்றனர். முதன்மைத் தேர்வாளரும் கூர்ந்தாய்வு அலுவலரும் உடனிருக்கப் பல நாள் தொடர்ந்து மாணவர் எழுத்தைப் படிக்கின்றனர். மாணவரின் ஆங்கில எழுத்தை ஆசிரியர் ஒருங்கமர்ந்து படிக்கும் இத்தனை பெரிய கூட்டம் வேறில்லை. அங்குப் படித்தவற்றைப் பற்றி அவர்கள் எழுதிவைக்கும் ஒரே குறிப்பு மதிப்பெண். அம்மையத்தின் ஒரு நாளை, முதல் நாளையே, பத்து விடைத்தாள்களின் நகல்களை அனைவரும் படித்து விவாதிக்க ஒதுக்குவதற்குப் புதிய திட்டமோ, கருத்தாளரோ, காணொளியோ தேவையில்லை. தேர்வுத்துறையின் ஓர் ஆணை வேண்டும்.